பத்து வயது தாண்டிய பெட்ரோல் கார்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

"கார் ஏதோ சத்தம் போடுகிறது" என்று சொல்லிக்கொண்டு பட்டறையில் போய் நின்றால், சத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பாகங்களாவது மாறியிருக்கும். "வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது மட்டும் இடது முன்பக்கம் 'டக்' என்கிறது" என்று சொன்னால், நல்ல மெக்கானிக் நேராக லிங்க் ராடில் (சஸ்பென்ஷனில் இருக்கும் சிறு இணைப்புக் கம்பி) கைவைப்பார். பழைய காரில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் கோளாறு கிடையாது, குத்துமதிப்பாகப் பாகம் மாற்றும் பழக்கம்தான்.

நான் வைத்திருப்பது 2012-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், கையால் கியர் மாற்றும் வகை. ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்து எப்போதோ ஆகிவிட்டது. இந்த வகைக் காரில் வரும் தொல்லைகளை, அறிகுறி வாரியாக, எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையில் எழுதுகிறேன். எந்த அறிகுறி வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? பிரேக் பிடிக்கும்போதா, திரும்பும்போதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கையில் இருக்க வேண்டிய கருவிகள் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டயர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், நல்ல டார்ச், காரோடு வந்த கையேடு. கூடவே, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியோடு பேசும் இணைப்பு) செருகி, செல்போனில் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் சிறு ஸ்கேனர் ஒன்றும் இருந்தால் நல்லது.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலவே இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே அணைந்து போகும் அளவுக்கு மங்கினால், பேட்டரியில் சக்தி இல்லை அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. 'டிக் டிக் டிக்' என்று விடாமல் கேட்பதும் அதே கதைதான். வெளிச்சம் குறையாமல், 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாரையும் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) அதன் சாலினாய்டையும் (அதற்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த ஸ்விட்ச்) சந்தேகிக்கலாம். சத்தமே இல்லை, வெளிச்சமும் குறையவில்லை என்றால் மின்சாரம் செல்ஃப் வரை போய்ச் சேரவில்லை. ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச் மூன்றையும் பாருங்கள். கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்களில், அந்த மிதியடிக்கு மேலே இருக்கும் சிறு ஸ்விட்சையும் பார்த்துவிடுங்கள்.

பேட்டரியை அளப்பது எளிது. இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் காலம் முடிகிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால், பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோதான் காரணம். புதுப் பேட்டரி போட்டாலும் இரண்டொரு நாளில் அதுவும் படுத்துவிடும்.

நம் ஊர் வெயில் பேட்டரிக்கு எமன். மூன்று நான்கு ஆண்டு உழைத்தாலே நன்றாக உழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுழல்கிறதா? பழைய கார்களில் பலரும் கவனிக்காமல் விடுவது எர்த் ஒயரை. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் கறுப்புக் கேபிள் அது. பார்வைக்கு நன்றாகத்தான் தெரியும். போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த தூள், அதற்குக் கீழே துரு, ஒயரின் ரப்பரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் கறுத்துப்போன செப்புக் கம்பி. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைப் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரை மாற்றியவர்கள் ஏராளம்.

இரண்டு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ கசிவு மின்சாரம் ஓடுகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைப் பூட்டி, அரைமணி நேரம் கழித்து நெகட்டிவ் ஒயரில் மீட்டரைத் தொடராக (ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே) இணைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு இறங்குகிறதோ, குற்றவாளி அந்தப் பாதையில் இருக்கிறது. பிற்பாடு பொருத்திய ஸ்டீரியோ, அலாரம், டேஷ் கேமரா இவைதான் வழக்கமான ஆசாமிகள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

எஞ்சின் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை

சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி 'ஸ்ஸ்' என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்பின் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப். ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகையாக இருக்கும் கார்கள் பல உண்டு. ரிலே மேல் அச்சிட்ட எண் ஒன்றுதானா என்று சரிபார்த்து இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். கார் கிளம்பி, ஹாரன் ஊமையானால் விடை கிடைத்துவிட்டது.

டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விட்டுவிட்டு எரிந்தால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியை எடுத்து முயன்று பாருங்கள். அதற்காகவே இரண்டாவது சாவியைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

ஓடும்போதே நின்றுவிடுகிறது, ஆறியதும் கிளம்புகிறது

இந்த அறிகுறி பேய் பிடித்தது போலத் தோன்றும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது கார் ஒழுங்காக ஓடும். மெக்கானிக் கையை விரிப்பார்.

ஒரு மே மாத மதியம், உளுந்தூர்பேட்டையைத் தாண்டிய இடத்தில் என் கார் இப்படி நின்றது. குலுங்கல் இல்லை, இருமல் இல்லை, ஸ்விட்சை அணைத்தது போல நின்றுபோனது. செல்ஃப் நன்றாகச் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை. பக்கத்து ஷெட்டிலிருந்து வந்த மெக்கானிக் பெரியவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்கள், ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். செல்ஃப் சுற்றும்போது அந்த முள் லேசாகவாவது துள்ள வேண்டும். அது பூஜ்யத்தில் செத்துக் கிடந்தது. தலையை ஆட்டிவிட்டு, பழைய துணியைத் தண்ணீரில் நனைத்துக் கையை உள்ளே விட்டு, கியர்பாக்ஸ் பக்கம் இருந்த கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் பாகம்) மேல் வைத்தார். சில நிமிடங்களில் கார் கிளம்பியது.

கிராங்க் சென்சாருக்குள் இருக்கும் நுண்ணிய கம்பிச் சுருள், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடுகிறது, ஆறினால் மறுபடி சேர்கிறது. எஞ்சின் சுழல்வதே கணினிக்குத் தெரியாததால் பொறியும் பெட்ரோலும் நின்றுவிடுகின்றன. ஈரத்துணி ஊர் போய்ச் சேர மட்டும்தான். சென்சாரை மாற்றியே ஆக வேண்டும். இதே அறிகுறியைப் பெட்ரோல் பம்ப்பும் காட்டக்கூடும். அப்போது முள் துள்ளும், கார் நிற்பதற்கு முன் இழுவை குறைந்து திணறும். இந்த வித்தியாசத்தைக் கவனித்து வைத்துக்கொண்டால் வீண் செலவு இல்லை.

வெப்பமுள் மேலே ஏறுகிறது

மற்ற எந்தக் கோளாறிலும் 'வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைக்க இடமுண்டு. இதில் கிடையாது. எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் பழைய காரின் மதிப்பில் பாதி செலவாகிவிடும்.

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும்தான். ஆனால் ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். முகமும் கையும் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல் ரப்பர் குழாய் கையால் அழுத்தினால் தளர்வாக இருக்கும் அளவுக்கு ஆறட்டும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

இனி, எப்போது ஏறியது?

சிக்னலிலும் நெரிசலிலும் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது என்றால் காற்றுப் பிரச்சினை. ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பாதியில் சிக்கியிருக்கலாம். நம் ஊரில் முதல் சந்தேகம் ரேடியேட்டர் மேல்தான். போர்வெல் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்தால், குடம், கெட்டிலில் படிவது போன்ற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கலந்தே விற்கும் கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றுங்கள். அல்லது அடர் கூலன்ட்டோடு காய்ச்சி வடித்த நீரைக் கலந்துகொள்ளுங்கள். வழியில் வேறு வழியில்லாமல் பச்சைத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் முழுவதையும் வடித்து மாற்றிவிடுங்கள்.

முள் ஏறிய பிறகும் ரேடியேட்டரின் மேல் குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அதைக் கழற்றி எறியும் பட்டறைகள் இன்றும் உண்டு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். எஞ்சின் 80, 90 டிகிரியில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சூடேற நேரமாகும். அதுவரை கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயில் கெடும், பிஸ்டன் தேயும். பாகத்தின் விலையோ, ஒரு முறை டேங்க் நிரப்பும் செலவைவிடக் குறைவு.

கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் குழாய் கல் போல விறைக்கிறது, ரிசர்வ் டேங்கில் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் காரை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் தினமும் சின்னத் தூரம் மட்டும் ஓடும் காரில், ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் மஞ்சள் பசை படியும். அது வெறும் ஈரம். டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் கவலை வேண்டாம்.

ஐடிலில் (கார் நிற்க, எஞ்சின் சும்மா ஓடும்போது) நடுக்கம், எஞ்சின் விளக்கு எரிகிறது

விளக்கு நிலையாக எரிந்தால் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். மின்னிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துங்கள்.

ஸ்கேனரில் பி0301 (திரையில் P0301), பி0302, பி0303, பி0304 வந்தால் கடைசி எண் எந்த சிலிண்டர் பற்றவில்லை என்பதைச் சொல்கிறது. கடைக்கு ஓடுவதற்கு முன், அந்த சிலிண்டரின் காயிலைக் (பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பாகம்) கழற்றிப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறியீடும் கூடவே இடம் மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். கைக்காசு செலவில்லாமல் உண்மை தெரியும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நான்கு காயிலையும் மாற்றச் சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

பி0171 என்றால் பெட்ரோலுக்குத் தேவையான அளவைவிடக் காற்று அதிகம். பத்து ஆண்டு சூட்டில் வெடித்த வேக்குவம் குழாய், இன்டேக் கேஸ்கெட் இவற்றில் 'ஸ்ஸ்' சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தவுடன் அதை மாற்றக் கிளம்ப வேண்டாம். அதற்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை, கெட்ட ஆக்சிஜன் சென்சார், நீண்ட நாள் மிஸ்ஃபயர் (சிலிண்டர் பற்றாமல் போவது) இவற்றைப் பார்த்து, அவை காரணமில்லை என்று உறுதி செய்யுங்கள். குறியீடு ஒன்றும் இல்லாமல் ஐடில் மட்டும் ஏறி இறங்கினால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். சுத்தம் செய்தால் சரியாகும்.

கார் நிறுத்தியிருந்த இரவு கழிந்து காலையில் திடீரென்று இப்படி ஆனால், எலியை மறக்காதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் மேல் புழுக்கை, கடித்துத் துப்பிய பஞ்சு, பல் தடம் பதிந்த இன்ஜெக்டர் ஒயர் ஆகியவற்றை டார்ச் அடித்துத் தேடுங்கள். கடிபட்ட ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி மூடுவதோடு நிறுத்தாமல், பற்றுவைத்து, சுருங்கும் குழாய் போட்டு இணைக்கச் சொல்லுங்கள்.

புகை

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் இறுகிப்போயிருக்கிறது. அவசரமில்லை, ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. ஏர் ஃபில்டரிலும் ஆக்சிஜன் சென்சாரிலும் தொடங்குங்கள். சூடேறிய பின்னும் அடர்த்தியாக வெள்ளைப் புகை, அதில் இனிப்பு வாடை என்றால் மேலே சொன்ன ஹெட் கேஸ்கெட்.

பிரேக்

சிவப்பு பிரேக் விளக்கு லேசாக எரிந்து அணைகிறதா? உடனே ஆயில் வாங்கி ஊற்றாதீர்கள். பேடு தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்தும் காலிபர் பிஸ்டன் வெளியே வருகிறது, பிரேக் ஆயில் மட்டம் தானாக இறங்குகிறது. முதலில் பேடின் கனத்தைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பேடு கனமாக இருந்தும் மட்டம் இறங்கினால் கசிவு. அப்போது காரை எடுக்கவே கூடாது.

பிரேக் பிடிக்கும்போது மெல்லிய கீச்சொலி வந்தால் பேடில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. 'கர கர' என்று உலோகம் உரசினால் பேடு முடிந்து டிஸ்க் தேய்கிறது. வேகத்தில் பிடிக்கும்போது மிதியடியும் ஸ்டீயரிங்கும் அதிர்ந்தால் டிஸ்க் சீராக இல்லை. மிதியடி பஞ்சு போல இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால் கெட்டியானால் காற்று புகுந்திருக்கிறது. நின்ற இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கிறது. இதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

மலைப்பாதையில் மட்டும் பிரேக் கெடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ இறங்கும்போது கருகிய வாடையும், மிதித்தும் பிடிக்காத உணர்வும் வந்தால், இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மிதியடி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேடு அளவுமீறிச் சூடாகிவிட்டது. நிறுத்தி ஆறவிட்டு, பிறகு, மலை ஏறும்போது எந்தத் தாழ்ந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரிலேயே இறங்குங்கள். மிதியடி தொளதொளவென்று தரைக்குப் போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிவிட்டது. புது டாட் 4 (DOT 4) தரப் பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதே ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான். கையேட்டில் இருக்கும் இந்த வரியைத்தான் பழைய கார்க்காரர்கள் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள். என் பார்வையில் எஞ்சின் ஆயிலுக்கு இணையான முக்கியத்துவம் இதற்கு உண்டு.

கீழே இருந்து வரும் சத்தங்கள்

சின்ன மேடு பள்ளத்தில் 'கட கட' என்றால் லிங்க் ராடு. பெரிய குழியில் இறங்கும்போது கனமாக 'தொம்' என்றால் ஷாக் அப்சார்பர் அல்லது அதன் மேல் மவுண்ட். பிரேக் பிடித்ததும், கிளட்ச் விட்டதும் 'டக்' என்று ஒருமுறை கேட்டால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையில் உள்ள ரப்பர்). நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுவது போன்ற சத்தம் வந்தால் ஸ்ட்ரட் பேரிங் (முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் இருப்பது).

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது 'டிக் டிக் டிக்' வந்தால் ஆக்சில் ஜாயின்ட் (முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு). முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் தெறித்திருக்கும். சத்தம் தொடங்குவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுவிட்டால் பூட் செலவோடு போகும். தாமதித்தால் ஜாயின்ட்டே போகும்.

வேகம் கூடக் கூட 'ஊ' என்று முழங்கும் சத்தத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டயரா, வீல் பேரிங்கா? சிமென்ட் சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். மாறாமல் இருந்தால் பேரிங். ஆளில்லாத அகலமான சாலையில் மெல்ல இடதுபக்கம் வளைத்துப் பாருங்கள். அப்போது பாரம் வலது சக்கரங்களுக்குப் போகிறது. சத்தம் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது.

80 கிலோமீட்டருக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங். கார் ஒருபக்கம் இழுத்தால் அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். அப்படியும் இழுத்தால் முன் டயர்களை இடம் வலம் மாற்றுங்கள். இழுவையும் பக்கம் மாறினால் டயரில்தான் குறை. ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய ஒருவழி டயர்களில் இதைச் செய்யாதீர்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் படித்துவிடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கொஞ்சமாக ஓடும் பழைய கார்களில் டயரின் பட்டன் (தரையைத் தொடும் மேடுகள்) தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகி வெடிப்பு விடும். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதற்காக அந்த டயரை நம்பிவிட முடியாது.

கிளட்ச்

நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. கிளட்ச்சை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங்கில் (மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங்) இருந்து வருகிறது. காலை எடுத்தால் வந்து, மிதித்தால் நிற்கும் சத்தம் கியர்பாக்ஸ் பேரிங்கில் இருந்து வருகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால், கியர்பாக்ஸைக் கழற்றும்போது எதை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

ஏசி

ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் வெப்பக்காற்று என்றால் கண்டன்சர் (ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகம்) ஃபேனையும், கண்டன்சரின் முன்னால் அடைந்திருக்கும் தூசி, பூச்சிகளையும் பாருங்கள். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர். முன் இருக்கையின் கீழ் கம்பளம் ஈரமாக இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும்.

"கேஸ் தீர்ந்துவிட்டது, அடைத்துவிடலாம்" என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே கசிகிறது? மூடிய சுற்றில் ஓடும் கேஸ், பெட்ரோல் போலச் செலவாவதில்லை. ஓராண்டுக்குள் குளிர்ச்சி போயிருந்தால் கண்டன்சரிலோ, ரப்பர் குழாயிலோ, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலிலோ ஓட்டை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடம்தான் கசியும் இடம். அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடைப்பது, ஒவ்வொரு கோடைக்கும் கட்டும் தண்டம்.

தரையில் ஈரம்

அட்டையை விரித்து அதன் மேல் இரவு காரை நிறுத்துங்கள். பயணி பக்கம் நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏசி, நல்லதுதான். பச்சை, இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். பழுப்பு, கறுப்பு, வழுவழுப்பு என்றால் எஞ்சின் அல்லது கியர் ஆயில். சக்கரத்தின் உட்புறம் மெல்லிய எண்ணெய் வழிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். சாவியைத் தொடாதீர்கள்.

மைலேஜ் விழுந்துவிட்டது

டாஷ்போர்டு எண்ணை நம்பாமல், முழு டேங்க்கிலிருந்து முழு டேங்க் வரை கணக்கிடுங்கள். காற்றழுத்தம், ஏர் ஃபில்டர், திறந்தபடியே சிக்கிய தெர்மோஸ்டாட் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். ஓட்டிவிட்டு நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அதன் பிரேக் விடவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் சிறிதளவு குறைந்திருந்தால் பெட்ரோலும் ஒரு காரணம். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் மைலேஜ் குறைவது இயல்பு, அதைக் கோளாறு என்று துரத்த வேண்டாம். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய காரில் அந்தப் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள். பெட்ரோல் குழாய்களின் ரப்பர் வெடித்திருக்கிறதா, வாடை வருகிறதா என்றும் சர்வீஸ்தோறும் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார்

சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் கார்கள் நீரில் மூழ்கி நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். தண்ணீர் கதவு விளிம்பைத் தாண்டியிருந்தால், வடிந்த பிறகு 'ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்' என்ற எண்ணமே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டனால் அதைக் காற்றைப் போல அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஸ்டார்ட் செய்து வந்த சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கிறீர்களா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பது தெரியும்படி படம் எடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். காரை இழுத்துக்கொண்டு போங்கள். பட்டறையில் ஏர் ஃபில்டர் ஈரமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாக இருந்தால் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலையும் கியர் ஆயிலையும் மாற்றி, சிறிது ஓட்டியபின் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்ற வேண்டும். இருக்கைகளையும் கம்பளத்தையும் கழற்றி வெயிலில் போட்டு, அவற்றின் அடியில் ஓடும் ஒயர் கனெக்டர்கள் ஒவ்வொன்றையும் பிரித்து உலர்த்தி, அதன் பிறகே பேட்டரியை இணைக்கச் சொல்லுங்கள்.